பின்தொடர்தல்: இரண்டாம் ஆண்டு

மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பேர்.
எண்பதைத் தாண்டியவர்கள், அல்லது தாண்டப் போனவர்கள்.
யாருடைய நெஞ்சையும் அறுக்கவில்லை.
தொடை வழியாக ஏறிய கம்பி
பழைய வால்வுக்குள் புதிய வால்வை விரித்துவிட்டு
வந்த வழியே திரும்பியது.
மூன்றாம் நாளே காட்பாடியில் ரயில் பிடித்தவர்களும் உண்டு.

என் வேலை அதற்குப் பிறகு.
முப்பதாம் நாள், ஓராண்டு, ஈராண்டு
போன் போட்டு, இருக்கிறாரா என்று கேட்க வேண்டும்.
அப்படியே கேட்கக் கூடாது.
"ஆஸ்பத்திரியிலிருந்து எப்சிபா பேசறேன்,
எப்படி இருக்காங்க?"
பதிலுக்கு முன்னால் வருகிற மூச்சிலேயே
பாதி தெரிந்துவிடும்.
இருந்தால் ஒன்று. இல்லையென்றால் பூஜ்யம்.
மூன்று முறை அடித்தும் எடுக்காவிட்டால் ஒன்பது.

மே மாசம். நூற்று எட்டு டிகிரி.
ரிசீவர் காதில் ஒட்டி ஒட்டிப் பிரிகிறது.

ஆம்பூர் இம்தாதுல்லா முதல் மணியிலேயே எடுத்தார்.
நாற்பது வருஷம் டேனரியில் மேஸ்திரி.
"எனக்குள்ள வெச்சது மாட்டுச் சவ்வாமே,
பதம் போட்டது எந்த டேனரி?"
சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை.
ஏதோ வெளிநாட்டில், மருந்தில் ஊறவைத்தது என்றேன்.
"நல்லாதான் ஊறியிருக்கு. கிழியலை,"
சரக்கைத் தடவிப் பார்த்து விலை சொல்லும் குரல்.
ஒன்று.

வாலாஜா முனிரத்தினத்துக்கு மகன் எடுத்தான்.
பிப்ரவரியில், சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில், லாரி.
படிவம் கேட்கிறது:
மரணம் இதயம் சார்ந்ததா, ஆம் அல்லது இல்லை.
இல்லை என்று குறித்துக்கொண்டிருக்கும்போது
அவன் சொன்னான்:
"வால்வு மட்டும் கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சுங்க.
டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."
இரண்டாம் தடவையும் சொன்னான்,
வாங்கிய பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருகிறவன்போல.
சொல்கிறேன் என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்தேன்.

பர்த்வான், நிர்மலேந்து சாமந்தா.
காந்தி ரோடு லாட்ஜில் பதினேழு நாள்
ஸ்டவ்வும் சட்டியும் வாடகைக்கு எடுத்து
மீன் சமைத்துத் தின்ற குடும்பம்.
அந்தத் தெருவில் பழக்கடைக்காரருக்குக்கூட
கொஞ்சம் வங்காளம் வரும்.
எனக்கு வருவது இரண்டு சொல்: கேமன் ஆச்சேன்.
மகள் சொன்னாள்: பாபா நேயி.
அப்பா இல்லை.
வீட்டில் இல்லையா, இல்லவே இல்லையா?
தமிழிலும் இதே குழப்பம்தான்.
கேட்பதற்கு என்னிடம் அடுத்த வாக்கியம் இல்லை.
லைன் அறுந்தது.
இன்னும் இரண்டு முறை அடித்தேன்,
மணி போய்க்கொண்டே இருந்தது.
ஒன்பது.

ஐந்து மணிக்குக் கணினி ஒரு கோடு வரையும்.
இடமிருந்து வலமாய் இறங்குகிற படிக்கட்டு.
ஒரு மரணத்துக்கு ஒரு படி.
தொலைந்தவர்களுக்குப் படி கிடையாது,
கோட்டின் மேல் சின்னதாய் ஒரு கீறல்.
சாமந்தா பாபு அங்கே நிற்கிறார்,
வாசலில் செருப்பைக் கழற்றுகிறாரா
போடுகிறாரா தெரியவில்லை.

இன்றைக்குக் கடைசி, கணியம்பாடி ரேணுகாம்பாள், எண்பத்து மூன்று.
"மூச்சு வாங்குதாம்மா? மாடிப்படி ஏற முடியுதா?"
"எங்க ஊட்ல மாடி ஏது?"
"சும்மா நடந்தா?"
"இரு. ஏரிக்கரை ஏறிக்கினுதான் கீறன்.
அப்படியே காதுல வெச்சுக்கோ."

வைத்துக்கொண்டேன்.
சரளையில் செருப்பு.
யாரையோ, அந்தாண்ட ஓட்டுடா என்று ஒரு அதட்டல்.
மூச்சு.
மூச்சு.
நடுவில் ஒன்றுமே இல்லாத ஓர் இடம்,
என் பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.
அப்புறம் காற்று, போனின் வாயை அடைத்துக்கொண்டு.

"மேல வந்துட்டன். இப்ப கேளு."