உடல் கிடைக்கவில்லை

பதினொரு வருஷத்துக்கு முன்
அந்தப் படகு கவிழ்ந்தபோதே சொன்னேன்:
உடல் கிடைக்கவில்லை என்றால்
ஆள் சாகவில்லை.
நார்மன் சிரித்தார்.
மீன் தொழிற்சாலையே சிரித்தது,
ஹேஸலைத் தவிர;
அவள் அன்று கையுறையைக் கழற்றாமலே அழுதாள்.

நேற்று, செவ்வாய், ஏழரை மணி.
கிரிம்ஸ்பியில் சாய்ந்தடிக்கும் மழை.
திரையில் மதுக்கடைக் கதவு திறந்தது.
முதலில் ஒரு குடை,
பிறகு அந்தத் தொண்டைச் செருமல்.
முகம் வருமுன்னே எழுந்துவிட்டேன்,
மடியில் உரித்து வைத்த பட்டாணி
கம்பளமெங்கும் உருள.
டெஸ்மண்ட்!
அவன் பின்னால் வின்னி, அதே பச்சைக் கோட்டு,
கொஞ்சம் பெருத்திருக்கிறாள்.
நானும்தான்.

எங்கே இருந்தார்கள், எப்படிப் பிழைத்தார்கள்?
கதைக்காரர்கள் சொன்ன காரணம்
சல்லடையில் அள்ளிய தண்ணீர்.
போகட்டும்.
"என் நாற்காலியில் யாரது?" என்றாள் வின்னி.
அது போதும் எனக்கு.

ஹேஸலுக்குப் போன் போட்டேன்.
இருவருமே பேசவில்லை.
அவள் வீட்டு டிவியும் என் வீட்டு டிவியும்
அரை நொடி முன்பின்னாக
முடிவு இசையை வாசித்துக்கொண்டிருந்தன.

நார்மன் மண்டியிட்டுப் பொறுக்கினார்.
"சரி, நீ சொன்னதுதான்" என்றார்,
ஒரு பட்டாணியைப் பார்த்து.