மூன்று விநாடிக்கு மேல்

ஒதில், உன் முகத்தை நாடே பார்த்தது.
நான் அதிகம் பார்த்ததில்லை.
சட்டகத்துக்கு வெளியே, நீண்ட கோலின் நுனியில்
மைக்கைத் தாங்கி நிற்பது என் பிழைப்பு.
பதினேழு வருடம் உன்னைக் காதால் அறிந்தேன்:
கேள்விக்கு முன் இழுக்கும் அரை மூச்சு,
பயிற்சியாளர் பொய் சொன்னால்
உன் நாக்கு பல்லில் தட்டும் சின்னச் சத்தம்.

எண்பத்து மூன்றில், லீல் நகரில், பனியும் மழையும்.
பேட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.
"ஆட்டக்காரர்களின் மனைவிமாரிடம் பேசு" என்று
பாரிஸிலிருந்து வெர்தியே உன் காதுக்குள் சொன்னார்.
காதுக்குமிழைப் பிடுங்கிப் பையில் போட்டாய்.
நேராக நடுவரிடம் போனாய்:
"அந்தப் பெனால்டியைப் பார்த்தீர்களா,
யாராவது சொல்லக் கேட்டீர்களா?"
திட்டி நூற்றிருபது கடிதம் வந்தது.
அடுத்த வாரமும் உன்னையே அனுப்பினார்கள்.

நேரலையில் மூன்று விநாடிக்கு மேல் மௌனம் என்றால் விபத்து.
அதற்காகவே உன்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது:
"மீண்டும் ஸ்டூடியோவுக்கு."
தோற்றவன் உதடு நடுங்கும்போது,
உனக்கே கேள்வி தீரும்போது,
கதவைப் போல அதைச் சாத்துவாய்.
அந்தப் பக்கம் யாரோ இருந்தார்கள்,
டை கட்டிக்கொண்டு, நனையாமல்.

பிறகு அர்லெமோன் கழகம் உன்னைத் தலைவியாக்கியது.
இரண்டாம் பிரிவு. சர்க்கரை ஆலைக்குப் பின்னால் மைதானம்.
அக்டோபர் முழுக்க பீட்ரூட் வேகும் நெடி.
பேசத் தெரிந்தவள், கடன்காரர்களிடம் பேசட்டும்
என்று நினைத்திருப்பார்கள்.
கணக்கர் ப்ருவோ முதல் நாளே மூன்று கோப்பு வைத்தார்.
ஒன்று கடன்.
இன்னொன்றும் கடன்.
மூன்றாவது, உடைமாற்றும் அறையின் கொதிகலன்.

இடது ஓரத்தில் ஓடிய இத்ரிஸை
ஜனவரியில் ஜெர்மனிக்கு விற்றாய்.
புல் வெட்டுகிறவர்கள், சட்டை துவைக்கிறவர்கள்,
வாயிலில் சீட்டுக் கிழிக்கிறவர்கள்,
எல்லோருக்கும் ஆறு மாதப் பாக்கி தீர்ந்தது.
வடக்கு மேடைக்கு அந்தக் கணக்கு தெரியாது.
துணி கட்டினார்கள்: "அம்மணி, டிவிக்கே போங்கள்."
அதில் ஓர் எழுத்துப்பிழை.
நீ அதற்கு மட்டும் சிரித்தாயாம்.

கடைசி ஆட்டத்துக்குக் காசு கொடுத்துத்தான் வந்தேன்.
சமன் செய்தால் போதும், தப்பித்திருப்போம்.
எண்பத்தெட்டாம் நிமிடம் நம் பந்து கம்பத்தில் பட்டது.
வெளிப்புறம் பட்டால் தகரச் சத்தம்,
உட்புறம் என்றால் மணி.
கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். மணிதான் அடித்தது.
திறந்தபோது பந்து
அவர்கள் கோல்காவலன் கையில் இருந்தது.

ஓர் இளைஞன் மைக்கை உன் மோவாயில் இடித்தான்.
"மூன்றாம் பிரிவுக்கு இறங்கிவிட்டீர்கள். யார் காரணம்?"
ஒன்று, இரண்டு, மூன்று.
எண்ணுவது என் பழக்கம்.
நாக்கு பல்லில் தட்டவில்லை.
ஏழு. எட்டு.
யாரோ ப்ளாஸ்டிக் கோப்பையை மிதித்தார்கள்.
பதினொன்றில் அரை மூச்சு இழுத்தாய்.
எனக்குத் தெரிந்துவிட்டது. கைநீட்டித் தடுத்திருப்பேன்,
என்னிடம் கோல் இல்லை.
"மீண்டும் ஸ்டூடியோவுக்கு" என்றாய்.

நாடு ஒரு வாரம் சிரித்தது.
குழந்தைகள் கணக்கில் பூஜ்யம் வாங்கிக்கொண்டு வந்து
அதையே சொன்னார்களாம்.

அன்று இரவு எல்லோரும் போன பிறகு
விளக்குக் கம்பங்களை நீயே ஒவ்வொன்றாக அணைத்தாய்.
மணிக்கு நாற்பது யூரோ, ப்ருவோ விடமாட்டார்.
நான்கு விளக்கும் நான்கு சுரத்தில் இரைந்துகொண்டிருந்தன,
மூன்றாயின,
ஒன்றாயிற்று.
இருட்டில் என் இருமலை அடையாளம் கண்டுகொண்டாய்.
"மைக்குக்கு மாட்டுவாயே, செத்த பூனை மாதிரி ஒரு ரோமத் தொப்பி,
அது இருக்கிறதா இன்னும்?"

இருக்கிறது, ஒதில்.
இந்தக் குளிரில் அதைத்தான்
தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.