வண்டி எண்

பதிவு மேசையில் நான்கு கட்டம்.
பெயர், ரத்தப் பிரிவு, வண்டி எண், வந்த தூரம்.
மூன்றாவதில் பேனா நின்றது.
ராயக்கோட்டை டவுன் பஸ்ஸின் எண்ணை எழுதினேன்.
நான்காவதில் இருபத்தாறு.
மேசைப் பையன் என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தான்,
பிறகு சாலையை,
பிறகு மறுபடி ஹெல்மெட்டை.
"பைக் பின்னாடி வருதாக்கா?"
"முன்னாடியே வந்திருக்கும்" என்றேன்,
சும்மாதான்.

மாந்தோப்பு. தை கடைசி.
பூ பிடித்த மரங்களுக்கடியில்
வரிசை என்று சொல்ல முடியாத வரிசையில்
நூற்றுச் சொச்சம் வண்டிகள்.
டேங்கின் மேலெல்லாம் பிசுபிசுப்பு, தத்துப்பூச்சி.
மருந்தடிப்பதை இரண்டு நாள் தள்ளி வைத்திருந்த தோப்புக்காரர்
"உங்க புண்ணியத்துல பூச்சி பொழைச்சுது" என்றார்.
வாழ்த்தா வசவா, தெரியவில்லை.

வாணியம்பாடி ஹபீபா பூட்டான் போய்வந்தவள்.
அங்கே குடித்த உப்புத் தேநீரைப் பற்றி
ஒரு மணி நேரம் புகார் சொன்னாள்.
நாகர்கோவில் டெனிஸ்
செயினுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் பேசுவதில்லை.
மலையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.
தூரம் போனவர்கள்
பஞ்சரைப் பற்றித்தான் பேசுகிறார்கள்,
ஒதுங்க மறைவில்லாத நெடுஞ்சாலையை,
மூன்று நாள் காயாத உள்பனியனை.

இருட்டும் நேரம் தாமதமாக ஒருவன் வந்தான்.
பார்க்கும் முன்பே கேட்டேன்.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது
தொண்டையைச் செருமும் அந்தச் சத்தம்.
சந்தையில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது போல
திரும்பிவிட்டேன்.

நிறம் மாற்றியிருந்தான்.
இடப்பக்கச் சட்டத்தில்
கேலாங் பட்டறையில் ஒருவன் கண்ணாடி போடாமல் பற்றவைத்த
கோணல் தழும்பு அப்படியே.
தொப்பூர் இறக்கத்தில் தக்காளி லாரி கொடுத்த நசுங்கல்
புது பெயிண்டுக்கு அடியிலும் நசுங்கல்தான்.

பெயர் சம்பங்கி. தளிப் பக்கம் ரோஜாப் பண்ணை.
என்னிடம் வாங்கியவனிடம் வாங்கியவன்.
என்னைத் தெரிய நியாயமில்லை.

களியும் கோழிக்குழம்பும் முடிந்து
நெருப்பைச் சுற்றி அவன் முறை வந்தது.
தவாங் போகும் வழியில் ஒரு காலை
இரண்டு மணி நேரம் தள்ளினானாம்.
"இந்த வண்டிக்குக் குளிர் ஆகாது" என்றான்.
எனக்குச் சுருக்கென்றது.
"சாவி போட்டதும் பட்டனை அமுக்காதீங்க.
பம்பு முனகி அடங்கட்டும்.
அணைச்சுட்டு இன்னொரு தடவை.
அப்புறம் அமுக்குங்க."

நெருப்பு மட்டும் சத்தம் போட்டது.
அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"சீட்டுக்கு அடியில ஒரு ஸ்டிக்கர் இருக்கு.
ரத்தப் பிரிவு எழுதினது.
நான் பி பாசிட்டிவ்.
அடிபட்டா தப்பா ஏத்திடுவாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க.
கிழிக்கத் தோணல."
கொஞ்சம் விட்டு,
"அக்கா, ஓ நெகட்டிவா?"

தலையாட்டினேன்.
ஏன் விற்றேன் என்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால்
மூன்று பொய்கள் வைத்திருந்தேன்.

விடியலில் கோட்டைப் பாறை பனிக்குள் கிடந்தது.
சாவியை என்னிடம் நீட்டினான்.
மீட்டரில் தொண்ணூற்றோராயிரம்.
ஐம்பத்தெட்டு என்னுடையது.
மீதியில் நான் பார்க்காத ஊர்கள்.
திருப்பினேன். முனகியது, அடங்கியது.
அணைத்துத் திருப்பினேன்.
ஒரே அமுக்கு.
அவன் சிரித்தான், கொஞ்சம் பொறாமையோடு.

பேனா கேட்டு வாங்கி
சீட்டைத் தூக்கி
என் எழுத்தை அடித்துவிட்டு அவனுடையதை எழுதினேன்.
ஓட்டச் சொன்னான்.
"பஸ் ஸ்டாப்ல விட்டுடுங்க, போதும்."

அந்த வண்டியில்
முதல் தடவையாகப் பின்னால் உட்கார்ந்தேன்.
பலகை.
மண்சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் ஏறியது.
பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.
கேலாங் வரை இதில் உட்கார்ந்து வந்தவன்
ஒரு நாளும்
சொன்னதில்லை.