மூன்று ஞாயிறு ஒரே எண்

பனிக்கட்டி மழை பெய்த இரவில்
பேரிமரம் வேலிமேல் சாய்ந்தது.
பாதி போல்டேயின் நிலத்தில், பாதி என் நிலத்தில்.
யாருடைய மரம் என்பதில்தான்
பதினோரு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை.

ரம்பம் அவருடையது. கடைசல் இயந்திரம் என்னுடையது.
ஆளுக்கு மூன்று கிண்ணம் என்று
வேலிக்கு மேலாகவே முடிவாயிற்று.

பச்சை மரம் கடையும்போது சாறு தெறிக்கும்.
மூக்குக்கண்ணாடியெல்லாம் மங்கல்.
நடு நெட்டியை அறுத்து எறிந்தேன்,
விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.
சுவரில் இரண்டு விரல் தடிமன் விட்டேன்:
கோணுவதற்கு இடம் கொடுத்தால்தான்
பிறகு வட்டமாக்க ஏதாவது மிஞ்சும்.
விளிம்பில் மெழுகு.
அதனதன் ஈரச் சீவலையே அள்ளிப்போட்டு
மாவுமில் காகிதப் பையில் கட்டி
நிலவறையில், வடக்குச் சுவரோரம்,
புளித்த முட்டைக்கோஸ் பீப்பாய்க்குப் பக்கத்தில்.

ஞாயிறுதோறும் சமையலறைத் தராசு.
பையின்மேல் பென்சிலால்
ஆயிரத்து நூற்று அறுபது,
ஆயிரத்து எண்பத்தைந்து.
போல்டே வாசலிலேயே நிற்பார்.
"என்னுடையது எவ்வளவு?"
எண்ணைச் சொல்வேன். போய்விடுவார்.
ஏப்ரலில் தொப்பியைக் கழற்றினார்.
மே மாதம் உட்கார்ந்தார்.
"அடுப்புமேல் வைத்தால் என்ன?"
ஆக்கப் பொறுத்தோம், ஆறவும் பொறுப்போம் என்றேன்.

பொறுக்காதவள் நான்தான்.
ஜூன் வெயில் நல்ல வெயிலாக இருந்தது,
ஒரு பையைப் பிரித்து முற்றத்தில் வைத்தேன்.
துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள்
டப்.
விளிம்பிலிருந்து பாதிவரை
பென்சில் நுழையும் பிளவு.
அவர் பங்கு அது.

என் பையொன்றை எடுத்து
என் பெயரை அழித்து
அவர் பெயரை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கேட்டார்.
எண்ணூற்று முப்பத்தொன்று என்றேன்.
"போன வாரம் எண்ணூற்றுப் பன்னிரண்டு."
பீப்பாயைப் பார்த்தபடி நின்றேன்.
"காயக் காய எடை ஏறுமா என்ன,
உங்கள் நிலவறையில்?"

சொன்னேன். எல்லாவற்றையும்,
வெயில், துணி, அழிரப்பர் உட்பட.
அவர் சிரிக்கவில்லை.
மரத்தைப் பற்றி நான் கேட்க நினைத்ததை
அன்று கேட்கவுமில்லை.

செப்டம்பரில் மூன்று ஞாயிறு
ஒரே எண் நின்றது: எழுநூற்று நாற்பத்திரண்டு.
ஐந்து கிண்ணமும் முட்டை வடிவமாகியிருந்தன.
மறுபடி பூட்டிக் கடைந்தேன்,
மெலிந்து, வட்டமாகி, ஒன்றுபோல் வந்தன.
அவருக்கு மூன்றை எடுத்து வைத்தேன்.

இரண்டை எடுத்துக்கொண்டார்.
"பிளந்ததைக் கொடுங்கள்.
வாதுமைக் கொட்டை போட்டால் ஒழுகாது."

வேலி விழுந்த சந்து வழியாகவே போனார்.
இரண்டு வீட்டுக் கோழிகளும்
ஜனவரியிலேயே அதைக் கண்டுபிடித்திருந்தன.