நாலாம் அலகு

நாலாம் அலகுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.
'செவிமடுத்தல் திறன்கள்' என்கிறது சுற்றறிக்கை.
அப்படியே போட்டால்
எல்லாரும் நித்திரையாகிவிடுவார்கள், நானும்தான்.

கல்லடியில் மூன்றாம் மாடி. திரையில்
சின்னச் சின்னச் சதுரங்களாய் முப்பத்தொரு ஆசிரியர்கள்:
வாகரை, ஏறாவூர், நிந்தவூர், தம்பிலுவில்.
அடுத்த தவணையில் இவர்கள் பாடசாலை ஆலோசகர்கள்.
அதற்குள் நான் இவர்களுக்குக்
கேட்கப் பழக்கவேண்டும்.

பன்னிரண்டு சிலைடு, ஒரு வினாப்பத்திரம்.
'வீட்டுக்குப் போக மனமில்லை' என்கிறாள் மாணவி. நீங்கள்
அ. காரணம் கேட்பீர்கள்
ஆ. தைரியம் சொல்வீர்கள்
இ. அதிபருக்கு அறிவிப்பீர்கள்
சரியென்றால் ஒரு பச்சைக் குறி துள்ளி வரும்.
அந்தத் துள்ளலுக்காக இரண்டு இரவு விழித்திருந்தேன்.

செவ்வாய் பின்னேரம் சோடிப் பயிற்சி.
முஹ்சின் ஆலோசகர்.
யோகவதனி எட்டாம் வகுப்புப் பொடியன்;
சிக்னலுக்காகத் தண்ணீர்த் தாங்கியின் கீழே
கதிரை போட்டு இருந்தாள்.
"வீட்ட ஆரு இரிக்காங்க மகன்?"
பொடியன் வாய் திறக்கவில்லை.
"கேக்குதா?"
...
"டீச்சர், கேக்குதா? லைன் போயிட்டா?"
மறுகாதான் அவளுடைய சொந்தக் குரல் வந்தது:
"லைன் இரிக்கு சேர். பொடியன் கதைக்கிறானில்ல."
யாரோ சிரித்தார்கள். யாரோ தட்டச்சினார்கள்:
சும்மா இருக்கிறதுக்கும் டேட்டா போகுது.

இரவு பதிவை வெட்ட உட்கார்ந்தேன்.
மென்பொருள் பணிவாகக் கேட்டது,
சத்தமில்லாத பகுதிகளை நீக்கவா?
நாற்பத்தொரு விநாடி.
காதில் மாட்டிக்கொண்டு திரும்பப் போட்டேன்.
தூரத்தில் ஒரு பாண் ஓட்டோ தன் மெட்டோடு போகிறது.
முஹ்சின் பேனையைத் திறக்கிறார், மூடுகிறார், திறக்கிறார்.
யோகவதனி மூச்சை உள்ளே இழுத்தவள்
வெளியே விடாமல் வைத்திருக்கிறாள்,
அந்தப் பொடியனை
எங்கோ தெரிந்தவள்போல.

கேட்பதற்கும் கேட்பதற்கும் நமக்கு ஒரே சொல்.
ஒன்றுக்குத்தான் நான் பன்னிரண்டு சிலைடு செய்திருக்கிறேன்.

நீக்கவேண்டாம் என்று அழுத்தினேன்.
வினாப்பத்திரத்தில் ஈ என்று போட்டு
எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன்.

காலையில் முஹ்சினின் குறுஞ்செய்தி:
'ஈ வெறுமையா இரிக்கு டீச்சர். பிழையா,
இல்ல அதுதான் விடையா?'
பதில் போடவேண்டும்.
அதற்கு முதல், கரண்ட் போவதற்கு முதல்,
வாகரையில் இறங்கும் அளவுக்கு
அந்த நாற்பத்தொரு விநாடியைச்
சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.
மூன்று எம்பி.
இன்னும் பாரம்.