டீசலுக்குத் தலைப்பு இல்லை

மழை பிடித்துக்கொண்ட ஒரு புதன்கிழமை
கோமாஹுன் நீதிமன்றத்துக்கு
மூன்று கணினிகள் வந்திறங்கின.
ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு வெளிநாட்டுக் கொடி.
வைக்க இடம் வேண்டுமே.
பழைய மர அலமாரியை
நானும் காவலாள் வாண்டியும் நகர்த்தினோம்.

சுவருக்கும் பலகைக்கும் நடுவில்
நின்றவாக்கில் ஒரு கோப்பு.
கறையான் முக்கால்வாசி விசாரித்து முடித்திருந்தது.
மிச்சமிருந்த மூலையில்:
லஹாய் கோபே.
ஆடு, ஒன்று.
கடைசி வாய்தாவுக்கு வயது
இரண்டு வருடம் எட்டு மாதம்.

கெனெமா சிறைக்கு ஃபோன் போட்டேன்.
'அப்படி ஒருவர் இருக்கிறாரா?'
'இருக்கிறாரே, விறகு பிளக்கிறார்.
சம்பளக்காரர் என்றல்லவா
புதிதாய் வந்த வார்டர் நினைத்திருக்கிறார்.'

எங்களுக்கு வந்த நிதியுதவிக்கு நீளமான பெயர்.
அதை ஒரே மூச்சில் சொல்ல
மாஜிஸ்திரேட் மசாக்வோய் ஒருவரால்தான் முடியும்.
உள்ளே தலைப்பு தலைப்பாய்ப் பணம்:
கணினிக்கு. பயிற்சிக்கு.
பயிற்சி கொடுப்பவர்களின் பயிற்சிக்கு.
பதாகைக்கு. பதாகையைப் படமெடுப்பதற்கு.
டீசலுக்குத் தலைப்பு இல்லை.
சிறை லாரி புல்லில் அச்சுவரை புதைந்து நிற்கிறது,
ஓட்டுநர் இருக்கையில் கோழி அடைகாக்கிறது.

காலாண்டு அறிக்கை என் வேலை.
'தீர்க்கப்பட்ட பழைய வழக்குகள்' என்றொரு கட்டம்.
போட்டுப் போட்டு
என் பேனாவுக்கு வட்டம் பழகிவிட்டது.

திட்டம் எப்படி நடக்கிறதென்று பார்க்க
பிர்கிட்டே வருவதாய்ச் சொன்னார்கள்,
வெள்ளை வண்டியில், கெனெமா வழியாக.
எனக்குத் தூக்கம் போயிற்று.
விடிந்ததும் அழைத்தேன்:
'வரும் வழியில் ஒரு ஆளை ஏற்றி வர முடியுமா அம்மா?'
'திட்ட வண்டியில் பணியாளரும் பயனாளியும்தான்
ஏறலாம், கேமா. அது விதி.'
'பயனாளிதான்,' என்றேன்.
ரொம்ப நேரம் வைப்பர் சத்தம் மட்டும் கேட்டது.
பிறகு, 'எந்த வாசலில்?'

அதற்கும் ஒரு படிவம் உண்டாம்:
வழியில் உயிர்போனால் யாரும் பொறுப்பில்லை.
லஹாய் கைநாட்டு வைத்தாராம், கேள்வியே இல்லாமல்.
அவருக்குப் பழகிய வகைக் காகிதம்.

செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடியே
நாற்பது மைல் உட்கார்ந்து வந்திருக்கிறார்,
இரண்டு வார்டர்களுக்கு நடுவில்.
எங்கள் வாசலில் இறங்கியபோது
வெயிலில் நடுங்கினார்.
குளிர்சாதனம் என்று ஓட்டுநர் சோரி சொன்னான்.
இருக்கலாம்.

விசாரணை ஒன்பது நிமிடம்.
அதில் மூன்று, தகரக் கூரை மேல் மழை கொட்டி
யாருக்கும் யாரும் கேட்காமல் போன நிமிடங்கள்.
ஆட்டுக்காரர் லைபீரியா பக்கம் போய்விட்டார்.
ஆடு எப்போதோ போய்விட்டது.
'நீங்களும் போகலாம்,' என்றார் மசாக்வோய்.
லஹாய் வார்டரைப் பார்த்தார்.
வார்டர் கூரையைப் பார்த்தார்.

அறையில் இருந்தவர்கள் எல்லோரும்
வருகைத் தாளில் கையெழுத்திட வேண்டும்,
சாப்பாட்டுக்கும் பயணத்துக்கும் உறை வாங்க.
லஹாயும் ரேகை வைத்தார், வாங்கினார்,
எண்ணினார், மறுபடி எண்ணினார்.
எங்கள் சந்தை விலைக்கு அது பாதி ஆடு.
என்னிடம் வந்தார்.
'இது எதற்கு?'
'கலந்துகொண்டதற்கு.'
'எதில்?'
பிர்கிட்டே என் முகத்தைப் பார்த்து
என்ன கேட்கிறார் என்றாள்.
நன்றி சொல்கிறார் என்றேன்.
அந்த ஒரு பொய்யை எந்தக் கட்டத்திலும்
நான் நிரப்பவில்லை.

அன்றிரவு மண்ணெண்ணெய் விளக்கில்
ஒன்று என்று எழுதினேன்.
வட்டத்துக்குப் பழகிய பேனா
நேர்கோட்டில் கொஞ்சம் தடுமாறியது.

கணினிகள் இன்னும் உறை பிரிக்காமல் இருக்கின்றன.
அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில்
இன்னும் ஆறு கேட்டிருக்கிறேன்.
'கரண்டே இல்லையே,' என்றார் மசாக்வோய்.

'இன்னும் நான்கு அலமாரிகள் இருக்கின்றன, ஐயா.'