நாற்பத்தாறு டிகிரி

மார்ச் கடைசி வாரம்.
நியூ பிரன்சுவிக்கின் வடக்குக் காட்டில்
பனி இன்னும் முழங்கால் அளவு.
பகலில் இளகும், இரவில் இறுகும்.
அந்த இழுபறியில்தான் மேப்பிள் சுரக்கிறது.
கொட்டகையில் நான் விறகு தள்ளுகிறேன்.
நாற்பது வாளி ஊற்றினால்
ஒரு வாளி பாகு.
மிச்ச முப்பத்தொன்பதும்
கூரை இடுக்கு வழியே வானத்துக்குப் போகிறது.

லியோனி இந்த வருஷம் பாகைத் தொடமாட்டாள்.

ஜனவரியில்
அவள் கையில் பட்டை கட்டிக் காற்றடித்த டாக்டர்
ஓர் எண்ணைச் சொன்னார்.
திரும்பும் வழியெல்லாம் அவள் பேசவில்லை.
வீட்டுக்கு வந்ததும்
தையல் மெஷினைத் தூக்கி
அடுப்பின் மேல் வைத்தாள்.
"இனி எல்லாம் பச்சையாகத்தான், அர்மான்.
நாற்பத்தாறு டிகிரிக்கு மேல் சூடு கண்ட எதுவும்
என் வாய்க்குள் போகாது."

உப்பில் தொடங்கினாள்.
மலைப்படம் போட்ட பொட்டலத்தில்
இளஞ்சிவப்பு உப்பு வந்தது, நல்ல விலை.
பின்பக்கத்துப் பொடி எழுத்தை
லென்ஸ் வைத்துப் படித்தாள்.
"நிறம்தான் வேறு. சோடியம் அதே சோடியம்."
உறைந்த படிக்கட்டில் மொத்தத்தையும் கொட்டிவிட்டாள்.
ஒரு வாரம் எங்கள் வாசல் ரோஜா நிறத்தில் கிடந்தது.
தபால் கொண்டுவரும் ஃபெர்னான்
குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.
நான் வானிலையைப் பற்றிப் பேசினேன்.

அப்புறம் ஃபண்டி வளைகுடாவிலிருந்து
பழுப்புக் காகிதப் பையில் கடல்பாசி.
பழைய பூட்ஸின் நாக்கு மாதிரி,
கருஞ்சிவப்பாய்.
கத்தரிக்கோலால் நறுக்கி
வெள்ளரித் துண்டுகள் மேல் தூவினாள்.
அதிலும் உப்பு உண்டு என்பதால்
ஒரு சிட்டிகைக்கு மேல் இல்லை;
அந்தச் சிட்டிகைக்கும் நோட்டில் கணக்கு.
உப்பில்லாப் பண்டம் எங்கே போகும் என்பது
ஊரறிந்த விஷயம்.
அவள் தட்டு ஒருநாளும் அங்கே போகவில்லை.
இருபதாம் நாள் தக்காளியைக் கடித்துவிட்டு
"இதில் உப்பு போட்டாயா?" என்று
என்னைத் திருடனாகப் பார்த்தாள்.

இனிப்புதான் படுத்தியது.
'பச்சை' என்று லேபிள் ஒட்டிய
கற்றாழைப் பாகின் கம்பெனிக்குக்
கடிதம் எழுதினாள்.
பதினோரு நாள் கழித்து பதில்:
சுமார் எழுபது டிகிரி, மன்னிக்கவும்.
பாட்டில் என் காப்பிக்கு வந்து சேர்ந்தது.
பிறகு பேரீச்சை. ராத்திரி ஊறவைத்து
காலையில் மசித்தாள்.
"ஆறாயிரம் கிலோமீட்டர் கப்பலில் வந்த பழம்;
கப்பலுக்குள் எரிந்தது நெருப்பில்லையா?"
என்று கேட்டேன்.
"நான் கப்பலைத் தின்னவில்லை" என்றாள்.
கொட்டகையில் தூங்கினேன் அன்று.

நேற்று அவளே வந்தாள்,
கையில் டீக் கோப்பையோடு.
கொப்பரையில் கவிழ்க்கத் தூக்கிய வாளியை மறித்து
"இது எத்தனை டிகிரி?"
"இரண்டு. மூன்றும் இருக்கலாம்."
மொண்டு குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு.
"இனிக்கிறதா?"
"இரு. வந்துகொண்டிருக்கிறது."

முப்பத்திரண்டு வருஷமாகக் கொதிக்கவைக்கிறேன்.
கொதிக்காத சாற்றை
ஒரு வாய் குடித்ததில்லை.
அவள் கோப்பையை வாங்கினேன்.
தண்ணீர்.
இரண்டாம் வாயும் தண்ணீர்தான்.
மூன்றாவதில்
நாக்கின் பின்னால், எங்கோ தொலைவில்
யாரோ விளக்கைப் போட்டு
உடனே அணைத்த மாதிரி.
இனிப்பு என்று சத்தியம் செய்யமாட்டேன்.

அவள் அருகில் வந்தாள்.
அடுப்படியில் வேர்த்திருந்த என் கழுத்தில்
உதட்டை வைத்து
கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.
"உப்பு" என்றாள்.
"நோட்டில் எழுதுவாயா?"
"நீ எத்தனை டிகிரி?"
"முப்பத்தேழு."
யோசித்தாள், நிஜமாகவே கணக்குப் போட்டாள்.
"வரம்புக்குள்தான்."

கொப்பரை அடிப்பிடித்து
அந்த வாளி அவ்வளவும் கரியாய்ப் போயிற்று.
இன்று காலை முழுக்க
அதைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன்.